இன்னும் ஒரே சாப்டர்

நேற்று சித்தூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் மாம்பழம் அரிந்துகொண்டிருந்தார்கள். அக்கா மகள் லேப்டாப்பில் பிஎச்.டி.க்கு கைடு தேடிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் பேராசிரியர்களின் பெயருக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம். "ஒருத்தர்கிட்டயும் எடம் காலி இல்ல மாமா. மெயில் போட்டா பதிலே வர்ல" என்றாள். மாம்பழ வாசனையும் இந்தப் பேச்சும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோதண்டம் அண்ணன் ஞாபகம் வராமல் இருக்காது.

அப்போது நான் சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பிஎச்.டி.யில் சேராவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் அன்போடு தெரிவித்திருந்தது. திருப்பதியில் நான் போய்ப் பார்த்த பேராசிரியர் அதைவிட அன்பானவர். "என்கிட்ட சீட்டு ஃபுல்லு. கோதண்டம் தீஸிஸ் குடுத்துட்டுப் போனா அந்த எடம் உனக்கு. போயி அவன முடிக்க வை" என்றார். நுழைவுத் தேர்வு இதுதான் போலும்.

ஞாயிறுதோறும் திருப்பதி பஸ். கூட வந்தவர்கள் எல்லாம் மலைக்குப் போனார்கள், நான் கோதண்டம் அண்ணன் இருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். அவர்கள் வேண்டுதல் சீக்கிரம் பலித்திருக்கும்.

அண்ணன் சத்தியவேடு பக்கத்து ஆள். ஆராய்ச்சி, மாங்காய் விலையைப் பற்றி. இதில் ஒரு வசதி, மாமரம் வருடா வருடம் காய்க்கும். "இன்னும் ஒரே சாப்டர்தாம்பா. இந்த சீசன் வெல தெரிஞ்சிட்டா முடிஞ்சிது" என்பார், கட்டிலடியில் பழுத்துக்கொண்டிருந்த ஆய்வுப் பொருளில் ஒன்றை எனக்கு அரிந்து கொடுத்தபடி. நானும் தின்றேன். தின்ற கையோடு அவருக்கு டைப் அடித்தும் கொடுத்தேன். நகரியிலிருந்து அப்பா போன் செய்வார். "இன்னாடா, சேந்துட்டியா?" "சேந்துக்கினே கீறேன் நைனா."

ஒருநாள் பொறுக்காமல், ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னார்: "முடிச்சா ஊருக்குப் போவணும்பா. போனா வேல இன்னான்னு கேப்பாங்க. இப்போ படிச்சிக்கினு கீறேன்னாவது சொல்றேன்." அதற்கு மேல் சண்டை போட மனசு வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

ஒருவழியாக முடித்தார். தீஸிஸ் கொடுத்த அன்று லட்டு வாங்கியது நான். பேராசிரியர் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சேப்பா. இனிமே புது ஆள் எடுக்கக் கூடாதுன்னு ரூல்" என்றார். அந்த ரூல் அன்று காலையில்தான் பிறந்ததுபோல அவர் முகத்தில் ஆச்சரியம். கல்லூரி சொன்ன சொல் தவறவில்லை, வேலை போயிற்று. இப்போது குப்பத்தில் ஒரு கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

நேற்று அக்கா மகள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் எந்த அறையில் எந்தக் கோதண்டம் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்த் தட்ட ஒரு கதவு கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. நானும்தான் ஏமாந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்து, பழமும் அரிந்து கொடுத்து, இன்னும் ஒரே சாப்டர்தான் என்று பொய் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இவளுக்கு அதுகூட இல்லை.