பலெர்மோவில் ஓர் ஆங்கிலேய வீடும் பீடத்துக்கு மேலுள்ள அறையும்

2007 மே மாதம், ஒரு சனிக்கிழமை. தூங்குவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாள். நான் திருச்சிக்காரி, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் பழைய கட்டடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். மூன்று வருடமாகப் பிரபுக்களின் மாளிகைகளைப் பார்த்துப் பார்த்து, இன்னொரு வளைந்த படிக்கட்டைக் கண்டால் உட்கார்ந்து அழுதுவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன். பேராசிரியர் விடவில்லை. மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் வழியில் ஓர் ஆங்கிலேய வியாபாரி தன் ஊர்ப் பாணியிலேயே கட்டிய நாட்டுப்புற மாளிகை இருக்கிறது, வரைபடம் எடுத்து வா என்றார்.

ஊர் நடுவில் பொலித்தேயாமா நிறுத்தத்தில் காலை 9.10க்கு 806 பஸ். டிக்கெட் ஒரு யூரோ. மே மாதமே கடற்கரைக் கூட்டம் தொடங்கிவிட்டது. குடையும் பாயும் எண்ணெய் வாசனையுமாக நின்றுகொண்டே போனேன். முப்பத்தைந்து நிமிடம் என்றார்கள், ஐம்பத்தைந்து ஆனது. இறங்கி 1.8 கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு மரம்கூட இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. கல் இந்த ஊர் மஞ்சள் மணற்கல், மற்றதெல்லாம் இங்கிலாந்து. மேலே தள்ளித் திறக்கும் ஜன்னல்கள், கூரையில் ஏழு புகைபோக்கி, வரவேற்பறை முழுக்கத் தெற்குப் பார்த்த கண்ணாடி. வெயிலே கிடைக்காத ஊரில் அது புத்திசாலித்தனம். இங்கே அந்த மனிதர் தன் விருந்தினர்களை வேகவைத்திருப்பார். பின்னால் வாங்கிய சிசிலிக் குடும்பம் முதல் காரியமாக வெளியே மரக்கதவு போட்டு அடைத்திருக்கிறது.

இத்தாலியனில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "தமிழோ?" என்றார். இலங்கை மன்னார்க்காரர், ஸ்டெல்லா அக்கா. ஒன்பது வருடமாக இந்த வீட்டில்தான் வேலை. கணவர் அருளப்பண்ணன் தோட்டத்தையும் காரையும் பார்க்கிறார். வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்கிறார்கள்; எண்பத்து நான்கு வயது, முழங்கால் வலி. அக்காவே சுற்றிக்காட்டட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கூடத்தின் உயரம் 5.80 மீட்டர். மழை நாளில் நடை பழகவென்று நீளக் காட்சிக்கூடம் ஒன்று, பலெர்மோவில் அப்படி எத்தனை மழை நாளைக் கண்டாரோ தெரியவில்லை. சுவர்களுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வர 62 சென்டிமீட்டர் அகலத்தில் படிக்கட்டு. அது தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே செருகிய ஒரு குட்டைத் தளத்துக்குப் போகிறது. தரைத்தளத்தின் கிழக்கு மூலையில் பில்லியர்ட்ஸ் அறையாக இருந்ததைச் சிசிலிக் குடும்பம் சிற்றாலயமாக மாற்றியிருக்கிறது. கோல்கள் மாட்டிய துளைகள் மாதா சுரூபத்தின் பக்கத்தில் இன்னும் தெரிகின்றன. அக்காவிடம் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் குட்டைத் தளத்திலுள்ள அவர்கள் அறையில் தேநீர். அருளப்பண்ணனும் வந்தார். என் கையிலிருந்த அளவு நாடாவையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விஷயம் வந்தது. ஒரே மகள் மன்னாரில் சித்தியிடம் இருக்கிறாள். அங்கே போர் மறுபடி மூண்டு நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அவளை இங்கே கூப்பிட, அவளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் ஒன்பது பிறந்தநாள். விண்ணப்பத்துடன் வீடு குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் வேண்டும். செவ்வாய்க்கிழமை அளக்க ஆள் வருகிறார்.

"நீங்கள் படிச்சனீங்கள். இது காணுமோ எண்டு ஒருக்கால் அளந்து சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார் அக்கா.

அளந்தேன். உயரம் 2.31 மீட்டர். சட்டம் கேட்பது 2.70. பொய் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். "போதாது அக்கா" என்றேன்.

வேறு அறையே கிடையாதா என்று கேட்டதற்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருக்கிறது. முதல் மாடியில், இரண்டு ஜன்னலோடு பெரிய அறை, உள்ளேயே இன்னொரு சிறு அறை. வந்த முதல் வாரமே சிஞ்ஞோரா கொடுத்தாராம், இன்றைக்கும் கேட்டால் கொடுப்பார். இவர்கள்தான் மறுத்திருக்கிறார்கள். அது சிற்றாலயத்துக்கு நேர் மேலே. பீடத்துக்கு மேல் கால் நீட்டிப் படுப்பதா என்று ஒன்பது வருடம் அந்தத் தாழ்ந்த கூரைக்கடியிலேயே இருந்திருக்கிறார்கள். அண்ணன் ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு, கையை உயர்த்தினால் கூரை தட்டும். எனக்குக் கோபமே வந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு அந்த அறையைக் காட்டச் சொன்னேன்.

சிஞ்ஞோராவிடம் கேட்டுக்கொண்டு மேலே போய் அளந்தோம். 3.40 மீட்டர். பழைய பெட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. ஞாயிறு பூசைக்குப் போகும்போது சுவாமியிடம், அதாவது பாதிரியாரிடம், கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார் அண்ணன். அக்கா தரையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"கீழை பீடம் எந்த இடத்திலை இருக்கெண்டு இஞ்சை கீறிக் காட்ட ஏலுமோ?"

இப்படி ஒரு வரைபடத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கீழ் ஜன்னலும் மேல் ஜன்னலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. கீழ்ச்சுவர் பதினைந்து சென்டிமீட்டர் தடிமன் அதிகம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாலு தடவை ஏறி இறங்கினேன். கடைசியில் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு நீள்சதுரம் போட்டேன். அறையின் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

"சுவாமியோடை நான் பிறகு கதைக்கிறன்" என்றார் அக்கா கணவரிடம். "இப்ப கட்டிலைக் கொண்டு வாங்கோ."

அந்த 62 சென்டிமீட்டர் படிக்கட்டில் கட்டில் திரும்பவில்லை. குட்டைத் தளத்துக் கதவு வழியே சிஞ்ஞோராவின் பெரிய படிக்கட்டுக்குக் கொண்டுபோய்த்தான் மூவரும் தூக்கினோம். கோட்டுக்கு அப்பால் போட்டோம். என் முதுகு ஒரு வாரம் பேசியது. அன்றைய 5.40 பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, நிறுத்தம் தாண்டித் தூங்கிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: வீட்டின் பெயரை எழுதவில்லை, ஆட்கள் குடியிருக்கும் இடம். அந்தப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் சில உண்டு. இரண்டு வாரம் முன்பே கடிதம் எழுதினால் பெரும்பாலும் திறப்பார்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி, அளவு நாடா. கூடத்தையும் கூரை ஓவியத்தையும் எல்லோரும் காட்டுவார்கள். வேலைக்காரர் தளத்தை நீங்கள்தான் கேட்க வேண்டும். வீட்டைக் கட்டியவர் எப்படிப்பட்டவர் என்பது அங்கேதான் தெரிகிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார். சான்றிதழ் அப்போதே கிடைத்து, விசா இழுத்து, ஒரு வழியாக மகள் வந்து சேர்ந்துவிட்டாள். கொழும்பிலிருந்து இரண்டு நாள் பயணம். நன்றாகத் தூங்கினாளா என்று கேட்டேன்.

"கட்டில் வேர்க்குதெண்டு பாயை எடுத்து அந்தக் கோட்டுக்குள்ளையே விரிச்சுப் படுத்திட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டம். எழுப்ப மனம் வரேல்லை, தங்கச்சி."