மாமா வீட்டு முகவரி

திருச்சியில் எனக்கு மாமா யாரும் இல்லை. கல்லூரியில் சேர்ந்த அன்று, வெளிநாட்டு மாணவிகளுக்கான படிவத்தில் 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்ற இடத்தை நிரப்பினால்தான் விடுதியில் இடம் என்றார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் துறையூர்ப் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த ஊரைப் போட்டு, போன் நம்பர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, ஒரு மாமாவையும் உண்டாக்கிவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. இலங்கைக்காரி என்றதும் யாழ்ப்பாணத்துப் பேச்சை எதிர்பார்த்த வார்டன், நான் வாயைத் திறந்ததும் "அட, நம்ம ஊருப் பேச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு விடுதியை நான்கு நாள் மூடினார்கள். செமஸ்டர் நடுவில் நாங்கள் நாட்டை விட்டுப் போவதென்றால் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். முந்தின வருடம் கேட்டபோது முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றிருந்தார். எனக்கு வீம்பு. பதிவேட்டில் 'மாமா வீடு' என்று எழுதிவிட்டு விமானம் ஏறி, கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திரும்ப வேண்டிய நாள் விடியும்போது, ஹட்டன் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. பஸ் இல்லை. பயணத்தை மறுநாளுக்கு மாற்றினேன். ஆனால் விடுதியில் அன்றைக்கே மாலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் முதலில் வீட்டுக்குப் போன், அடுத்து வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல். அங்கே போய்விட்டால் விசா போச்சு, படிப்பும் போச்சு.

அம்மாவிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவருக்குப் பொய் வராது என்பதுதான் என் பயம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரம் பிந்தினால் கங்காணியிடம் "தூங்கிட்டேங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அரை நாள் சம்பளத்தோடு வருகிறவர்.

"மாமாவுக்கு மேலுக்கு முடியல, நான் கூட இருக்கேன்னு சொல்லுங்க" என்று நாலு தடவை ஒப்பித்தேன். அவர் கீழே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார்.

"காதுல விழுதாம்மா?" என்று கத்தினேன்.

"விழுது, விழுது."

ஆறு இருபதுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அம்மா கையில் கொடுத்தேன்.

"அம்மா, ஹாஸ்டல் வார்டன் பேசுறேன். உங்க பொண்ணு இன்னும் வரலையே. போனும் ஸ்விட்ச் ஆஃப். அவங்க மாமா நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்."

நம்பர் கேட்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

"எங்க அண்ணனுக்கு மேலுக்கு முடியலைங்க மேடம்" என்றார் அம்மா. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. "ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. போனை வீட்டுல மறந்துட்டாங்களாம். எம் பிள்ளதான் தொணைக்கு இருக்கு. இப்பத்தான் யாரு போன்லருந்தோ பேசுச்சு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"இந்த மலையில கெடக்குறவளுக்குப் பேரெல்லாம் என்னாங்க தெரியும்? பிள்ள சாப்பிட்டேன்னு சொல்லுச்சு, அது போதும்னு இருக்கேன்." லேசாகச் சிரித்தார். "நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

வார்டன் இளகிவிட்டார். "சரிம்மா, நாளைக்கு ஆறு மணிக்குள்ள வந்துரணும். அண்ணனைப் பாத்துக்கச் சொல்லுங்க."

போன் அணைந்தது. தப்பித்தேன் என்று எனக்குக் குதிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அம்மா குரலில் ஒரு நடுக்கம் இல்லை, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒரு சிரிப்பு. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடமாக, விடுதி மொட்டைமாடியில் நின்று நான் பேசும்போதெல்லாம், "இங்க ஒரு கொறையும் இல்ல, மூணு வேளையும் சாப்புடுறேன், முட்டி வலி போயிருச்சு" என்று சொன்ன அதே குரல். அத்தனையையும் நம்பிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"அம்மா, முட்டி வலி நெசமாவே போயிருச்சா?"

"அது எப்பவோ போயிருச்சு" என்றார். பிறகு சுவரைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, இரண்டாம் தடவையாகத்தான் எழுந்தார்.