சடகோபன் எண்ணிய ஐந்து தலைகள்

விடுதியின் இலங்கை மாணவர் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், நான் விடுமுறைக்கு வந்திருக்கும் தெரணியகலையில் எங்கள் வீட்டு ஆடு என் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் வினைச்சொற்கள் முழுவதையும் தின்றுவிட்டது. இனி இங்கிலீஷில் என்னால் எதுவும் செய்ய இயலாது. பெயர் மட்டும் சொல்லலாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ருவான்வெல்லையிலிருந்து, நம் ஐவரில் ஒருவனான ஜமாலின் கார்டு வந்தது. நம் சென்னை விடுதியின் பழைய வார்டன் சடகோபன், வேலை போனபின் சொந்த ஊரில் இருந்தவர், காய்ச்சலில் காலமாகிவிட்டாராம். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு அஞ்சலி எழுத ஒருவரும் முன்வரவில்லையாம். "நீதான் வெக்கமில்லாம எழுதுவே" என்று முடித்திருந்தான்.

இறந்தவரைப் பற்றி நல்லது சொல்வது மரியாதை. அவர் கையெழுத்து அழகாக இருக்கும். மரியாதை முடிந்தது.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சடகோபன். நாம் வைத்தது சட்டுக்கோபன். சப்ரகமுவா மழைக்குப் பழகிய நம் ஐவருக்கும் வீட்டில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தனுப்பியிருந்தார்கள். சென்னைக் கடற்கரை வெயிலில், வியர்த்து ஒழுகி, தோளில் கம்பளியோடு நாம் வாசலில் நின்ற காட்சியைக் கண்டு அவர் சமையற்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். இங்கே இலங்கையில் நம்மை இந்தியாக்காரன் என்கிறார்கள். அங்கே அவர் நம்மைச் "சிலோன்" என்று மட்டுமே அழைத்தார். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்.

என் அம்மா டின்னில் அடைத்து அனுப்பிய மாசிக் கருவாட்டுச் சம்பலை நாற்றம் என்று சொல்லிக் குப்பையில் கொட்டினார். "நாக்கை அடக்கத் தெரியாதவனுக்குப் படிப்பு எதுக்குடா?" என்பது அன்றைய உபதேசம். மறுநாள் அவருடைய மூக்குப்பொடி மட்டையில் நான் மிளகுத்தூள் கலந்தேன். பதினேழு தும்மல். யார் செய்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. இதை இந்த அஞ்சலியில் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அவர் பெயர் கூப்பிடுவார். மற்ற மாணவர்கள் "உள்ளேன் ஐயா" என்பார்கள். நம் தோட்டங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாரும் தனக்காகப் பதில் சொல்வதில்லை. கங்காணி தன் ஆட்களை எண்ணித் துரையிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். முதல் நாள் அந்தப் பழக்கத்தில், "அஞ்சு பேரும் இருக்கோங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. விடுதியே சிரித்தது. "இங்கே கங்காணி வேலைக்கு ஆள் எடுக்கலைடா" என்றார் சடகோபன். ஆனால் அவருக்கு அந்தி வெளிச்சத்தில் கண் தெரியாது. ஒரு வாரத்தில் அவரே, "சிலோன்?" என்று கேட்டு, என் பதிலைக் கேட்டு, ஐந்து கோடு இழுக்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெஹியோவிட்ட ராமுவுக்கு அந்த வெயிலும் சோறும் சிரிப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று இரண்டுமுறை கேட்டான். கப்பல் தானாக வந்து வாசலில் நிற்கும், ஏறிக்கொள் என்றார் வார்டன். ஒருநாள் பிற்பகல் ராமு எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தான். அங்கே இலங்கைத் தோட்டத்துக்கு ஆட்களை ரயிலேற்றிக்கொண்டிருந்த கங்காணியின் கூட்டத்தில், கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டான். அன்று மாலை "அஞ்சு பேரும் இருக்கோங்க" என்று வழக்கம்போல் கணீரென்று சொன்னேன். சடகோபன் ஐந்து கோடு இழுத்தார்.

இலங்கைக்குக் கப்பலேறுவோரைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் டாக்டர் ராமுவின் கையைப் பிடித்துப் பார்த்தாராம். ரப்பர் பால் வெட்டப் போகிறவன் விரலில் மைக்கறை எப்படி வந்தது என்று கேட்டாராம். விடுதிக்குத் தந்தி வந்தது. விடுதி மானேஜர் நம்மையெல்லாம் வராந்தாவில் நிறுத்தி, பெயர்ப் புத்தகத்தைக் காட்டி, "பையன் அந்த நேரம் ரயில்லே இருந்திருக்கான். யார் எண்ணினது?" என்றார்.

சடகோபன் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"நான்தான் எண்ணினேன். அஞ்சு தலை இருந்தது."

அது என்மீது அன்பு அல்ல. ஒரு சிலோன் பையன் சொல்லை நம்பித் தினமும் கோடு இழுத்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட வேலையை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் டிரங்குப் பெட்டியோடு போனார்.

விடுமுறைக்கு வந்ததிலிருந்து இந்தத் தோட்டத்து லயத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை: நண்பன் தப்பிக்கட்டும் என்று திட்டம் போட்டு, ஒரே வார்த்தையில் வார்டனை வீட்டுக்கு அனுப்பியவன் நான் என்று. உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஜமால் தோளில் தட்டினான்.

இப்போது சொல்லிவிடுகிறேன். திட்டம் எதுவும் இல்லை. ராமு போனது எனக்குத் தெரியாது. அந்தியில் கண் தெரியாதவர் அவர். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரவு பாய் விரித்தபோதும், பக்கத்தில் ராமுவின் பாய் காலியாகக் கிடந்ததைக் கண்டு, இடம் தாராளமாக இருக்கிறது என்று காலை நீட்டிப் படுத்தேன்.