எக்ஸ்ரே அக்காவும் இத்துனூண்டு குழாயும்

துணிக்கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. மேலோட்டமாகப் பார்த்தே உள்ளே எது ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் கடையில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். யாராவது சிரித்தால்கூட ‘எதற்குச் சிரிக்கிறான்?’ என்று பார்க்கிற கண் அது. வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது.

முதலில் அந்தக் கண் மகள்மேல்தான் விழுந்தது. நாலு வயதுக் குட்டி, கூப்பிட்டால் திரும்புவதில்லை. சளி பிடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். மருந்து கொடுத்தால் வலி போய்விடும்; காது கேளாதவள் போல் இருப்பது மட்டும் போகவில்லை.

“எல்லாம் நடிப்பு. நீங்க குடுக்கிற செல்லம்,” என்றாள் கணவனிடம்.

“நாலு வயசுல என்ன நடிப்பு? உனக்கு எல்லாருமே திருடங்கதான்,” என்றான் அவன்.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, ஒருநாள் விளையாடிக்கொண்டிருந்த குட்டியின் பின்னால் போய் நின்றாள். “சாக்லேட் வேணுமா?” என்று மெல்லக் கேட்டாள். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கேட்டாள். அசைவே இல்லை. தோளைத் தொட்ட பிறகுதான் குட்டி தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள். எக்ஸ்ரே அக்கா அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டியிருக்கு,” என்றார் காது டாக்டரம்மா. “தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு கேக்கிற மாதிரிதான் இவளுக்கு நம்ம பேச்சு கேக்கும். தானா வடியுதான்னு பொறுத்துப் பார்ப்போம்.”

மாதங்கள் போயும் வடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து, இரண்டு செவிப்பறையிலும் சின்ன ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டரம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

“இத்துனூண்டு சாமானுக்கு மயக்க மருந்தா?”

“குழந்தை ஆடாம இருக்கணும்ல? இது வழியா காத்து உள்ளே போனா நீர் தங்காது. கொஞ்ச மாசம் இருந்துட்டு தானா வெளியே விழுந்துடும்மா.”

‘தானா விழுந்துடும்’ என்பதுதான் அவளை உறுத்தியது. சாமான் தானாகப் பைக்குள் விழுந்துவிட்டது என்று எத்தனை பேர் அவளிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள்!

வேறொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையேதான் சொன்னார்.

“ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க,” என்றாள்.

“மூணாவது ஆள்கிட்ட போவோம். அவரும் இதையே சொன்னா ஊரே கூட்டுன்னு வெச்சுக்கலாம்,” என்றான் கணவன்.

மூன்றாவது ஆளிடம் போகவில்லை. அந்த வாரமே தெருவில், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த வண்டிக்குக் குட்டி ஒதுங்காமல் நடந்தாள். பாய்ந்து இழுத்தவள் அப்படியே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். சரி என்றாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் கதவு திறந்துவிட்டது. குட்டியின் காதில் கட்டு இல்லை, தையல் இல்லை.

“ஒண்ணுமே செய்யலை போலிருக்கே?”

டாக்டரம்மா கோபப்படவில்லை. மறுவாரம் வந்தபோது, காது பார்க்கும் கருவியைக் குட்டியின் காதில் வைத்து அவளையே பார்க்கச் சொன்னார். பளபளத்த சவ்வின் நடுவே நீலப் பொட்டுப் போல ஒரு வளையம் தெரிந்தது. நன்றாகப் பார்த்தாள்.

“இன்னொரு காதையும் காட்டுங்க.”

வீட்டில் அடுத்த கலவரம். மிக்ஸி ஓடினால் குட்டி காதைப் பொத்தினாள். கழிவறையில் தண்ணீர் திறந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். “கெடுத்துட்டாங்க!” என்று எக்ஸ்ரே அக்கா போனில் கத்தினாள்.

“கெடலைம்மா. இப்பத்தான் முழுசா கேக்குது. பழகிடும்,” என்றார் டாக்டரம்மா.

பழகியது. மறுவருஷம் குழாய்கள் விழுந்தன, ஓட்டைகள் மூடிக்கொண்டன, நீர் திரும்பக் கட்டவில்லை.

குழாய் வைத்த சில வாரங்களிலேயே குட்டி, “கத்தாதம்மா, கேக்குது,” என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். தாங்கள் இத்தனை காலமும் கத்தித்தான் பேசியிருக்கிறோம் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. குரல்கள் இறங்கின. ஒரு மாலை மேல் வீட்டு அம்மா கவலையோடு கதவைத் தட்டினார்.

“என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? சத்தமே காணோமே?”

எக்ஸ்ரே அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்போ இவ்வளவு நாளா உக்காந்து கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”