அன்வர் பாய் நம்பருக்குப் போட்ட போன்

அன்வர் பாய் இறந்துவிட்டார்.

எனக்கு அது தெரிய வந்த விதத்தை எப்படிச் சொல்வது... இன்று காலை பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை. வழக்கம்போல பாய்க்குப் போன் போட்டேன். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன்.

"பாய், ஓடிபிசி மறுபடியும் மக்கர் பண்ணுதுங்க. டேட்டா சோர்ஸ் காணோம்னு சொல்லுது."

பதில் சொன்னது அவர் மனைவி ஜரீனா அக்காவின் குரல்.

"அம்மிணி... அவரு மௌத்தாயிட்டாருங்க. விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எடுக்கறோம். வந்துருங்க."

சரிங்க அக்கா என்றேனா, இல்லையா... ஞாபகமில்லை.

வீரபாண்டியில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் ரூமில் நானும் பாயும் அடுத்தடுத்த சீட். போன வருஷம் நெஞ்சு வலி வந்து வேலையை விட்டார். விட்டார் என்று பெயர்தான். "நான் வேலைய உட்டுட்டேன் அம்மிணி, நீங்கதான் என்னைய உடமாட்டீங்கறீங்க" என்பார். சொல்லிக்கொண்டே போனிலேயே சரிசெய்தும் தந்துவிடுவார்.

தெரியாதவர்களுக்கு... பேக்கிங் புரோகிராமும் சர்வரில் இருக்கிற டேட்டாபேஸும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். அதுதான் ஓடிபிசி. அது முறைத்துக்கொண்டால் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் வராது. ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டி கன்டெய்னரில் ஏறாது.

பாய் வீடு மங்கலத்தில். பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்விட்டால் அப்புறம் பெண்கள் முகம் பார்க்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். வண்டிச் சாவி கையிலேயே இருந்தது.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "போகோணும்ங்க மேடம், வேண்டாம்னு சொல்லலீங்க. கன்டெய்னர் வந்து நிக்குது. இதை மட்டும் கனெக்ட் பண்ணி உட்டுட்டுப் போயிருங்க." அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாது. உட்கார்ந்தேன்.

நேற்று சாயங்காலம் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புது சிஸ்டம் வைத்திருக்கிறார்கள். டிரைவரைப் போட்டேன். சர்வர் பெயர், லாகின், பாஸ்வேர்ட்... டெஸ்ட் பட்டன். சக்சஸ். புரோகிராமைத் திறந்தால் அதே எரர்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். டெஸ்ட் சக்சஸ். புரோகிராம் எரர். என்ன எழவு இது...

உட்கார முடியவில்லை. எழுந்து போய் சர்வருக்குப் பின்னால் வயரை ஆட்டிப் பார்த்தேன். அங்கே நின்றால் ஆயுத பூஜை ஞாபகம்.

ஒரு வருஷம் அக்கவுண்ட்ஸ் செல்வி அக்கா பக்தியோடு சர்வரைத் துடைத்து, வயரையெல்லாம் பிடுங்கி, நெட்வொர்க் வயர் போகிற ஓட்டைக்குள்ளேயே சந்தனத்தை அப்பிவிட்டார். மறுநாள் கம்பெனி முழுக்க கனெக்‌ஷன் இல்லை. பாய் ஒவ்வொரு கம்ப்யூட்டராக டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நொந்து, கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்து, பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார்.

செல்வி அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க அழுவறீங்க... சாமிக்கு வெச்சதுதானே. அடுத்த தடவை கொஞ்சம் வெளிய வையுங்க, போதும்" என்றார் பாய். அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் அவரே எல்லா ஓட்டைக்கும் செல்லோ டேப் ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்று, "இங்க வையுங்க, இங்க தாராளமா வையுங்க" என்று இடம் காட்டினார். பொரி வாங்கிக்கொண்டுதான் போனார்.

இதை நினைத்துச் சிரித்தேன். சிரித்ததற்கு என் மேலேயே கோபம் வந்தது. மணியைப் பார்த்தேன். மறுபடி சீட்டுக்கு ஓடினேன்.

யார் கம்ப்யூட்டர் நின்றாலும் பாய் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நேத்து என்னங்க பண்ணுனீங்க?" எல்லோரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான், "ஒண்ணுமே பண்ணலீங்க." "அந்த ஒண்ணுமே பண்ணாததைக் கொஞ்சம் காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

நேற்று பண்ணியது புது சிஸ்டம். புது சிஸ்டம் என்றால் 64 பிட்...

அட ஆண்டவனே. இதே கூத்தில் பாயும் ஒருமுறை ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கிறார். புது சிஸ்டத்தில் டிரைவர் போட 32 பிட், 64 பிட் என்று இரண்டு பக்கம் உண்டு. எங்கள் பேக்கிங் புரோகிராம் பழசு, 32 பிட். அது 32 பிட் பக்கம் மட்டும்தான் தேடும். நாம் 64 பிட் பக்கம் செட் பண்ணினால் டெஸ்ட் ஜோராகச் சக்சஸ் காட்டும், புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. இதில் ஃபோல்டர் பெயர்கள் வேறு தலைகீழ். "32னு பேரு வெச்ச ஃபோல்டருக்குள்ள 64 இருக்குது, 64னு வெச்சதுக்குள்ள 32 இருக்குது. எந்த மகராசன் பேரு வெச்சானோ" என்று அன்றைக்குப் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

32 பிட் டிரைவரை ஏற்றி, அந்தப் பக்கம் அதே பெயரில் போட்டேன். புரோகிராம் திறந்தது. பிரிண்டரிலிருந்து முதல் ஸ்டிக்கர் வெளியே வரும்போது நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

மங்கலம் ரோட்டில் முன்னால் ஒரு துணி லோடு வேன். ஒதுங்கவே மாட்டேன் என்றது. வாழ்க்கையில் அப்படி ஹாரன் அடித்ததில்லை.

தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. ஆண்கள் ஒருவர்கூட இல்லை. வாசலில் வரிசையாகக் காலி நாற்காலிகள்...

உள்ளே ஜரீனா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைங்க நேரமாச்சுன்னாங்க அம்மிணி. வீரபாண்டில இருந்து ஒரு புள்ளை வருது, செத்த இருங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் வெச்சிருந்தேன். இப்பத்தான் எடுத்தாங்க."

எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

லோடு நேரத்துக்குப் போய்விட்டது பாய். நான்தான் லேட்.

போய் வாருங்கள்...