விடுதியில் எரிந்த ஓர் அடுப்பு

2020ஆம் ஆண்டு, மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நேரம். கோப்பெங் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதிக்கு நான் மேற்பார்வையாளர். உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள்தான் மிச்சம்.

தேதி மறந்தாலும் கிழமை நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை, நேப்பாள மாணவன் ஒருவன் அலுவலக வாசலில் வந்து நின்றான். ஊரில் அவன் அப்பா இறந்துவிட்டார். விமானம் கிடையாது. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். மூத்த மகனான அவன், தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, பதின்மூன்று நாள் விரதம் காக்க வேண்டும். உப்பில்லாமல் தானே சமைத்து ஒருவேளை மட்டும் உண்ண வேண்டும். யாரும் அவனைத் தொடக்கூடாது. விடுதியிலோ அடுப்பு மூட்டத் தடை.

“இதையாவது அப்பாவுக்குச் செய்யாவிட்டால்...” என்று நிறுத்திக்கொண்டான்.

விடுதித் தலைவர் மலாய்க்கார அம்மையார். விஷயம் கேட்டு நேரிலேயே வந்தார். பின்புறக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, தீயணைப்புக் கருவி ஒன்றை வாசலில் வைக்கச் சொன்னார். “விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை அப்பாவுக்கான கடமையைப் பார்க்கட்டும்” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

முடிதிருத்தும் கடைகள் மூடியிருந்தன. எங்கள் பாதுகாவலர், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சவரக்கத்தியோடு வந்தார். “தோட்டத்துல எத்தன தலைக்கு மழிச்சிருக்கேன், இது என்னலா!” கொட்டகையில் அடுப்பு மூட்ட மூன்று செங்கல்லும் ரப்பர் விறகும் அவரே கொண்டு வந்தார்.

அதன்பின் யாரும் அவனைத் தொடவில்லை. சிற்றுண்டிச்சாலைச் சீனப் பெண்மணி அரிசியும் காயும் வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். பாதுகாவலர் எட்ட உட்கார்ந்து காவல் இருப்பார். “உப்பில்லாம எப்படிண்ணே எறங்குது? நம்ம கேண்டீன் கொழம்பே தேவல போல!” என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

பதின்மூன்றாம் நாள் சடங்கு முடித்து வெளியே வந்தவன், பாதுகாவலரை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான். கைகுலுக்கவே தடை இருந்த காலம்.

“அண்ணே, எஸ்ஓபி!” என்று தொற்றுக்கால விதியை நினைவூட்டினேன்.

“அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்லா.” அந்த மொட்டைத் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

படிப்பு முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். கொட்டகையில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. போன வருடம் சாயம் பூச வந்தவர்களிடம், சுவரில் புகை படிந்த அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். எங்கிருந்தோ வந்த பிள்ளைக்கு இது எப்படி வீடானது என்று யாராவது கேட்டால், அதைத்தான் காட்டுவேன்.