பால் காப்பி நிறத்தில் கூலன்ட்

போடிமெட்டுக்கு ஏறும் பாதையில், பாதி மலையில் என் கார் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போகிறேன்.

"அண்ணே, கைய எடுங்க! மூஞ்சி வெந்துரும்!"

ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப்பிலிருந்து ஓட்டுநர் குதித்து ஓடி வருகிறார். நாற்பது வயதுப் பெண், பெயர் செல்வி. இஞ்சின் நன்றாக ஆறும்வரை என்னைக் கிட்டே விடவில்லை. பிறகு துணி போட்டு மெல்லத் திறக்கிறார். இஞ்சினைக் குளிர்விக்கும், பச்சை நிறத்தில் இருக்க வேண்டிய கூலன்ட் பால் காப்பி மாதிரி நுரைத்துக் கிடக்கிறது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறார்.

"வழுவழுங்குது பாருங்க. ஆயில் கலந்திருச்சு. உள்ள ஆயிலும் தண்ணியும் கலக்காம தடுக்குற கேஸ்கெட் போயிருக்கும். தண்ணிய ஊத்திட்டு மேல ஏறுனீங்கன்னா இஞ்சினே செத்துரும்."

"எப்படிம்மா பார்த்ததும் சொல்றீங்க?"

"எஞ்ஜீப்பு இஞ்சின ரெண்டு தடவ நானே பிரிச்சு மாட்டிருக்கேன். இந்த மேட்டுக்கு எந்த மெக்கானிக்குண்ணே வருவான்? ஏறுங்க, போடி ஒர்க்சாப்புல சொல்லி வண்டிய இழுத்துட்டுப் போகச் சொல்லுவோம்."

ஜீப் இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு இன்னும் பெரிதாக விரிகிறது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் கண்ணோ ஸ்டியரிங்கை அநாயாசமாகச் சுழற்றும் அவர் கைகளை விட்டு நகர மறுக்கிறது.